டேப் சுற்றிய பல்

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவன் வாயில் ‘தெரியாது’ என்ற சொல் வராது. வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு பயம். குழாய்க்கு வாஷர் கேட்டு வருகிறவரிடம் வாஷரைக் கொடுத்து அனுப்பினால் போதும். நாங்கள் அப்படி அனுப்ப மாட்டோம். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், அந்தக் குழாயைப் பதித்த மேஸ்திரி பாஸ் எவ்வளவு பெரிய முட்டாள், அடுத்த மழைக்கு அவருடைய கூரை என்ன பாடு படப்போகிறது என்பது வரைக்கும் சொல்லித்தான் அனுப்புவோம். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருபத்தைந்து வருஷமாக நான் இதைத்தான் செய்து வருகிறேன். இந்த வியாதியால் ஒரே பல்லை இரண்டு தடவை இழந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் தடவை வயரால் போனது. வயர் உரிக்கும் கட்டர் என் கடையில் வரிசையாகத் தொங்குகிறது. ஆனாலும் வாடிக்கையாளர் முன்னால் வயரின் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து உரித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை. (யாரும் கைதட்டியதில்லை.) ஒரு நாள் தடித்த வயர் ஒன்றைக் கடித்தேன். வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்வரிசை முன்பல் வேரோடு பிளந்துவிட்டது.

டவுனில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். பிளந்த பல்லைப் பிடுங்கினார். தாடை எலும்பில் டைட்டேனியத் திருகாணி ஒன்றைப் பதித்தார். எலும்பு வளர்ந்து அந்த ஆணியை இறுக்கிக்கொள்வதற்காகச் சில மாதம் காத்திருக்கச் சொன்னார், பிறகு அதன் தலையில் பல்லைப் பொருத்தினார். எக்ஸ்ரே படத்தில் அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். புரி, தலை, கூர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இது நம்ம கடைச் சாமான் அல்லவா என்று நினைத்தேன். அந்த நிமிஷத்திலிருந்து என் வாய்க்கு நானே டொக்டர் ஆகிவிட்டேன்.

உண்மையான டொக்டர் என்னவெல்லாமோ சொன்னார். ஆணி கெடாது, ஆனால் அதைச் சுற்றி இருக்கிற ஈறும் எலும்பும் கெடும் என்றார். ஈறில் அழுக்குத் தங்கினால் புண் வரும், புண் உள்ளே இறங்கினால் எலும்பு கரையும், வலிக்கவும் வலிக்காது என்றார். அதனால் தினமும் சின்ன பிரஷ் போட்டு இடுக்கைச் சுத்தம் செய்ய வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து படம் எடுத்து எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும். ஆயுள் முழுக்க.

நான் தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தேன். டைட்டேனியம் துருப்பிடிக்காது, பல்லைப் பூச்சி தின்னாது, பிறகு எதற்குச் சுத்தம்? கம்பனிக்காரன் பம்பை விற்றுவிட்டு சர்வீஸுக்கு வா, சர்வீஸுக்கு வா என்று கூப்பிடுகிற கதைதான் இது என்று முடிவு கட்டினேன். முதல் வருஷம் மட்டும் மரியாதைக்கு ஒரு தடவை போனேன். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே திரும்பவில்லை. அவர் கொடுத்த சின்ன பிரஷ்கள் கடைக் கல்குலேட்டரின் பொத்தான் இடுக்கில் தூசி எடுப்பதற்கு மிக நன்றாக உதவின. சிகரெட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் பின்னால் ஒன்று, சாயந்தரம் ஒன்று என்று அதன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

இப்படி ஏழு வருஷம் ஓடியது. இந்த ஏழு வருஷமும் என் பேச்சுக்கு அகப்பட்டுச் சீரழிந்தவர் என் மச்சான் முருகையா. என் மனைவி சாந்தியின் அண்ணன். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உடையாத மெஷினுக்கும் எண்ணெய் போட்டு, போட்டதைத் திகதியோடு கொப்பியில் எழுதி வைக்கிற மனுஷன். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. ரோஸ் நிறத் தகட்டில் கட்டிய கழற்றுப் பல் ஒன்று போட்டிருந்தார். சாப்பிடும்போது கழற்றி ஒரு தம்ளர் தண்ணீரில் போடுவார். தோட்டத்துக் கோயிலில் பஜனை பாடுவதும் அவர்தான். உச்சத்துக்குப் போகும்போது தகடு நழுவிவிடும் என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடுவார். போதாதா எனக்கு? கல்யாண வீடு, சடங்கு வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் அந்தத் தம்ளரைக் காட்டிப் பேசியிருக்கிறேன். “மச்சானுக்குப் பல்லு குளிச்சிக்கிட்டு இருக்கு, கொஞ்சம் பொறுங்க” என்பேன். அவர் சிரித்துக்கொள்வார். சாந்திதான் என்னை எரிப்பது போலப் பார்ப்பாள். இப்போது எழுதும்போது காது சுடுகிறது. அப்போது சுடவில்லை.

அந்த மச்சான் ஒரு நாள் போன் பண்ணினார். பஜனையில் தகடு கழன்று ஆர்மோனியத்தின் மேல் விழுந்துவிட்டதாம். இனி பாடப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்திருக்கிறார். இருக்க முடியவில்லை. என்னைப் போல எலும்பில் ஆணி வைத்துப் பல் கட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் எலும்பைத் துளைப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றார். “நீங்க போட்டு நல்லா இருக்கீங்கள்ல மச்சான். நீங்க கூட வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்” என்றார். வருகிற புதன்கிழமை போவோம் என்று நானே நாளும் குறித்தேன்.

ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சாந்தியிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக என் பல் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே ஈறில் இரத்தம் வந்தது. பிரஷ் முரடு என்று பிரஷை மாற்றினேன். பிறகு வாயில் ஒரு நாற்றம். வயிற்றுக் கோளாறு என்று இஞ்சி குடித்தேன். பிறகு நாக்கால் தள்ளினால் பல் அசைந்தது. வலி மட்டும் கொஞ்சமும் இல்லை. இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது: ஸ்க்ரூ லூசாகிவிட்டது. ஏழு வருஷம் ஓடிய ஸ்க்ரூ லூசாகத்தானே செய்யும்? இறுக்கினால் சரி. இதற்குப் போய் ஒரு டொக்டரா?

புதன்கிழமை காலை அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பூட்டிக்கொண்டேன். மூக்குக் குறட்டின் நுனிக்குத் துணி சுற்றி, பல்லைப் பிடித்து, வலப்பக்கமாக மெதுவாகத் திருகினேன். திரும்பியது! எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. குறட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பல் ஒருக்களித்துத் திறந்த கதவு மாதிரி நின்றது.

வெளியிலிருந்து சாந்தி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். சவரம் என்றேன். இடப்பக்கம் திருப்பினேன். பல் நேராக வந்தது, ஆனால் இப்போது முன்பைவிட மோசமாக ஆடியது. குழாய்ப் புரியில் ஒழுக்கு நிற்பதற்காகச் சுற்றுவோமே, மெல்லிய வெள்ளை டேப், அது குளியலறை அலுமாரியில் ஒரு சுருள் இருந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து, மடித்து, ஆடுகிற பல்லைச் சுற்றி இரு பக்க இடுக்கிலும் திணித்தேன். பல் நின்றது. டேப்பும் வெள்ளை, பல்லும் வெள்ளை. ஒரு நல்ல வேலை செய்த திருப்தியோடு வெளியே வந்தேன். படித்த மனுஷன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வர்த்தகர் சங்கத்தில் உபதலைவர். இதைச் செய்தது நான்தான்.

மேசையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தன. தொட முடியுமா? விரதம் என்றேன்.

“புதன்கிழமை என்னாங்க விரதம்?” என்றாள் சாந்தி.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மச்சான் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு கொப்பியுமாக நின்றார். டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நம்பர் போட்டு எழுதி வந்திருந்தார். கிளினிக் வரைக்கும் நான் அவருக்கு டைட்டேனியம் பற்றி விளக்கினேன். உதட்டைப் பாதிக்குமேல் திறக்காமல் விளக்கினேன். ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். டவுனில் புகை அதிகம், வாயைத் திறக்கக்கூடாது என்றேன். பாவம், அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் டொக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “ஐயாவை ஆறு வருஷமாக் காணேல்லையே” என்றார். பல் நன்றாக இருக்கிறது, அதனால் வரவில்லை என்றேன். அவர் மச்சானை உட்காரச் சொன்னார். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மச்சான் கொப்பியைத் திறந்து மேசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் மெஷின்காரர் கேட்கிற கேள்வி. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், கெட ஆரம்பித்தால் முதலில் என்ன தெரியும். டொக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். முதலில் ஈறில் இரத்தம் வரும், பிறகு ஒரு நாற்றம் வரும், வலி இருக்காது என்றார். பல் ஆடத் தொடங்கினால் பெரும்பாலும் எலும்பு நிறையப் போயிருக்கும் என்றார்.

அவர் என் வாயின் கதையை வரிசை தவறாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பயந்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். நான் மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். ஏளனமாகச் சிரித்தேன்.

மச்சான் எழுதுவதை நிறுத்திவிட்டார். “எலும்பே போயிருங்களா?” என்றார். கவனிக்காமல் விட்டால் போகும் என்றார் டொக்டர். மச்சான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “அப்ப எனக்கு வேணாங்க டொக்டர். இருக்கிற எலும்பாவது இருக்கட்டும். பாட்டை வேற யாராவது பாடிக்குவாங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷமாகப் பாடுகிறவர். ஆனால் அந்தக் கஷ்டத்தைவிட, நான் சொன்னதை எல்லாம் ஒரு பெண் பிள்ளை பொய்யாக்குகிறாரே என்ற கோபம்தான் பெரிதாக இருந்தது. எழுந்து நின்றேன்.

“இவங்க சும்மா பயமுறுத்துவாங்க மச்சான். என்னையப் பாருங்க. ஏழு வருஷம். ஒரு பிரஷ் போட்டதில்ல, ஒரு படம் எடுத்ததில்ல. கல்லு மாதிரி நிக்குது.”

டொக்டர் அமைதியாக, “அப்பிடியெண்டால் ஒருக்கா வாயைத் திறவுங்கோ ஐயா, பாப்பம்” என்றார்.

பார்க்க என்ன இருக்கிறது, நானே தட்டிக் காட்டுகிறேன் என்றேன். கடையில் பைப் நல்லதா என்று விரல் கணுவால் தட்டிக் காட்டுவேன். அந்தப் பழக்கத்தில் மேசையின் மேலாகக் குனிந்து, உதட்டைத் தூக்கி, பல்லைத் தட்டினேன். முதல் தட்டுக்கு டேப்பின் ஒரு முனை வெளியே வந்து தொங்கியது. எனக்கு அது தெரியவில்லை. மச்சானின் கண் விரிந்ததைப் பார்த்து, அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக இரண்டாவது தட்டுத் தட்டினேன்.

பல்லும் திருகாணியும் டேப்புமாக எல்லாம் ஒன்றாக மச்சானின் கொப்பி மேல் விழுந்தன. ஐந்தாம் நம்பர் கேள்விக்கும் ஆறாம் நம்பர் கேள்விக்கும் நடுவில்.

டொக்டர் ஓர் இடுக்கியால் டேப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“இது என்ன ஐயா?”

“குழாய் டேப்பு” என்றேன். முன்பல் போன ஓட்டை வழியாகக் காற்றுத்தான் பாதி வந்தது. அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருந்ததா? “லீக் ஆகாது” என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

பிறகு என்னை நாற்காலியில் சாய்த்துப் படம் எடுத்தார். ஏழு வருஷத்துக்கு முந்தைய படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் திருகாணியின் கழுத்து வரைக்கும் வெள்ளையாக எலும்பு நின்றது. புதியதில் அந்த இடம் ஒரு கோப்பை மாதிரிக் கறுப்பாகக் குழிந்திருந்தது. காலையில் குறடு போட்டதால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். இல்லை, அது வருஷக் கணக்காகப் போயிருக்கிறது, குறடு கடைசி மரியாதைதான் என்றார். விழுந்த ஆணியைக் கழுவித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“ஆணி இப்பவும் புதுசு மாதிரித்தான் இருக்கு ஐயா. சுவர்தான் இல்லை.”

இதே வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். பழைய வீட்டுச் சுவரில் அலுமாரி மாட்ட வேண்டும், நல்ல ஆணியாகக் கொடுங்கள் என்று வருகிறவர்களிடம், சுவர் உதிர்ந்தால் எந்த ஆணி வைத்து என்ன பிரயோசனம் என்று அரை மணி நேரம் அறிவு புகட்டியிருக்கிறேன். என் வாயில் இருந்தது சுவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் கண் கலங்கியது. ஆணி போனால் இன்னொன்று வாங்கலாம். போனது என் எலும்பு. ஏழு வருஷமாக அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தபோது நான் கல்குலேட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

மச்சான் சிரிக்கவில்லை. இதுவரைக்கும் அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை, சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் இரண்டு படத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“டொக்டர், எனக்கு எப்ப வைக்கலாம்?”

வேண்டாம் என்றீர்களே என்று டொக்டர் கேட்டார்.

“மெஷினுதான் கெட்டுப்போயிருமோன்னு பயந்தேன். மெஷின்ல கோளாறு இல்ல, பாத்துக்கிட்டவருகிட்டத்தான் கோளாறுன்னு இப்ப தெரிஞ்சிபோச்சிங்க. பாத்துக்கிறது நம்ம வேலதானே, அது எனக்குப் பழக்கம்.”

அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்த மரியாதைதான் அதிகமாக வலித்தது. ஆணி விழுந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மச்சானுக்கு இரண்டு ஆணி வைத்து இரண்டு பல் கட்டினார்கள். தொழிற்சாலை மெஷினுக்கு வைத்திருப்பது போல ஒரு கொப்பி போட்டு, காலை, இரவு என்று கோடு கிழித்து, சுத்தம் செய்ததற்கு அடையாளம் போடுகிறார். வருஷா வருஷம் படம் எடுத்து, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே ‘எலும்பு அதே மட்டம்’ என்று எழுதுவார். எல்லோரும் கும்பிடு போடுவார்கள். நானும் போடுவேன். பஜனையில் மச்சான் இப்போது கையை வாய்க்குக் கொண்டுபோவதில்லை. உச்சத்தில் அவர் குரல் கொஞ்சம் கரகரப்புதான் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்புறம்தான் தெரியவந்தது.

எனக்கு, புண் ஆறிய பிறகு எலும்புத் தூள் வைத்து மூடிப் பார்த்தார் டொக்டர். சிகரெட்டைக் கண்டிப்பாக விடச் சொன்னார். விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன், அவ்வளவுதான் செய்தேன். தூள் சேரவில்லை. இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், முதலில் ஒரு வருஷம் புகைக்காமல் இருந்து காட்டுங்கள் என்றார். பதினோரு மாதம் வரைக்கும் இரண்டு தடவை தாக்குப்பிடித்திருக்கிறேன். அதுவரைக்கும் ரோஸ் நிறத் தகட்டில் ஒற்றைப் பல். சாப்பிடும்போது தம்ளரில் போட்டுவைக்கிறேன். அந்தத் தம்ளரை மேசையின் நடுவில் வைக்கச் சொல்லி உத்தரவு சாந்தியுடையது.

தீபாவளிக்கு மச்சான் வீட்டிலிருந்து முறுக்கு டின் வரும். ஆறு வருஷமாக அதனோடு ஒரு சின்னப் பொட்டலமும் வருகிறது. மேலே என் பெயர். உள்ளே உரலில் இடித்த முறுக்கு. எனக்குக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன, முறுக்கை நன்றாகவே மெல்லுவேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நிரூபிக்கத் தட்டிக் காட்டச் சொல்கிறார்கள் பிள்ளைகள்.

போன தீபாவளிக்கு டின் மட்டும் வந்தது, பொட்டலம் இல்லை. ஒருவழியாக மறந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு முழு முறுக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. மச்சான்.

“டின்னுல போட மறந்துட்டாங்க மச்சான். முழுசத் தொட்டுறாதீங்க. நாளைக்குக் காலையில பஸ்ல குடுத்து விடுறேன்.”

மறுநாள் கடையைத் திறக்காமல் குட்ஷெட்டில் போய் நின்றேன். கண்டக்டர் பொட்டலத்தை ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு, மருந்தா மாத்தயா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.